பழைய பயிற்சி விமானத்துக்கும் ‘எஃப்சி’ உண்டு: அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது?

ஊரப்பாக்கத்தில் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள், ‘எஃப்சி காட்டுறது’ என்றால் என்ன என்று. பெயின்ட் அடிக்கணும், பிரேக் பார்க்கணும், வண்டி ரெண்டு மூணு நாள் ஓடாது, வருமானம் போகும், கைக்காசும் போகும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். புதிய வாகனத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இருக்கும் இந்தச் சோதனை, எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் வரும். வண்டிக்கு வயசாக வயசாகச் செலவு கூடும் என்பது ஜிஎஸ்டி சாலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இதே கணக்கு வானத்திலும் இருக்கிறது. பைலட் ஆக விரும்புபவர்கள் முதல் பாடம் படிப்பது ஏர்பஸ்ஸிலோ போயிங்கிலோ அல்ல. இரண்டு அல்லது நான்கு பேர் உட்காரும் சின்னஞ்சிறு விமானங்களில்தான். உலகெங்கும் இந்த ரக விமானங்களில் கணிசமானவை 30, 40 வயதைக் கடந்தவை. அவற்றின் இறக்கைக்குள் விரிசல் இருக்கிறதா என்று கட்டாயமாகச் சோதிக்கச் சொல்லும் உத்தரவுகள் கடந்த சில ஆண்டுகளில் அதிகரித்திருக்கின்றன. சோதனை தேவையா என்றால் தேவைதான். ஆனால், செலவு யாருடையது? அது கடைசியில் பயிற்சிக் கட்டணத்தில் வந்து நிற்குமா?

படிப்படியாகப் பார்ப்போம்.

சின்ன விமானங்கள் ஏன் இவ்வளவு பழசு?

செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர் செரோக்கி வகைகள் – பயிற்சிப் பள்ளி என்றாலே உலகம் முழுக்க இந்தப் பெயர்கள்தான். செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955-ல். இதுவரை 44,000-க்கும் மேற்பட்டவை தயாராகியிருக்கின்றன. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமான ரகம் இதுதான். இரண்டு பேர் மட்டும் அமரும் செஸ்னா 152, 1977 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. அதாவது, இன்று நீங்கள் எங்கே ஒரு செஸ்னா 152-ஐப் பார்த்தாலும், அதற்கு வயது குறைந்தபட்சம் 40.

ஏன் நிறுத்தினார்கள்? அமெரிக்காவில் 1980-களில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் குவிந்தன. பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் ஏற வேண்டிய நிலை. 1986-ல் பிஸ்டன் இன்ஜின் விமானத் தயாரிப்பையே செஸ்னா நிறுத்தியது. 18 ஆண்டுகளைக் கடந்த சிறு விமானங்களுக்கு நிறுவனத்தின் பொறுப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994-ல் வந்த பிறகுதான் 172-ன் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. நடுவில் விழுந்த பத்தாண்டு இடைவெளியை நிரப்பியவை பழைய விமானங்கள்தான். பெயின்ட் மாறும், இன்ஜின் மாறும், சீட் மாறும். ஆனால் உள்ளே இருக்கும் அலுமினிய எலும்புக்கூடு மட்டும் அன்று செய்ததுதான்.

இரும்பு களைக்கும், அலுமினியமும் களைக்கும்

ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். ஒரே இழுப்பில் உடையாத கம்பி, இருபதாவது வளைவில் பட்டென்று முறியும். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. ஒவ்வொரு வளைவும் தனியாகப் பார்த்தால் சாதுவானது. சேர்ந்தால்தான் ஆபத்து.

விமான இறக்கையும் ஒவ்வொரு பயணத்திலும் வளைகிறது. தரையில் நிற்கும்போது இறக்கை லேசாகக் கீழ்நோக்கித் தொங்கும். மேலே கிளம்பியதும் விமானத்தின் மொத்த எடையையும் இறக்கைதான் தூக்குகிறது, அதனால் மேல்நோக்கி வளையும். காற்றுக் குலுக்கலில் இன்னும் வளையும். இறங்கும்போது மறுபடி கீழே. இந்தச் சுமை முழுவதையும் தாங்குவது ‘ஸ்பார்’ எனப்படும் நீளமான உத்தரம். வீட்டுக் கூரைக்கு உத்தரம் எப்படியோ, இறக்கைக்கு ஸ்பார் அப்படி. அது உடலோடு சேரும் இடத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். போல்ட் போட ஓட்டை வேண்டும். ஓட்டை விளிம்பில் சுமை மூன்று மடங்குவரை குவியும் என்பது பொறியியல் முதலாண்டிலேயே வரும் பாடம். ஆகவே, விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். போல்ட்டைக் கழற்றாமல் அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

எஃகுக்கு ஒரு வசதி உண்டு. சுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எல்லை கிடையாது. சின்னச் சின்னச் சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

இதோடு துருவும் சேர்ந்தால் போச்சு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி, ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் என்ன கதிக்கு ஆகும் என்று தெரியும். அலுமினியம் செந்துருவாக மாறாதே தவிர, உப்புக் காற்றில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் விழும். அந்தக் குழி விரிசலின் விதை. விமானம் பறக்காமல் கொட்டகையில் நின்றாலும் இது நடக்கும்.

என்ஜின் நின்றால் நெடுஞ்சாலை இருக்கிறது. இறக்கை போனால்?

2025 நவம்பர் 13 அன்று திருச்சி – புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே ஒரு பயிற்சி விமானம் அவசரமாகத் தரையிறங்கிய வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். நடுவானில் கோளாறு, உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினர். சிறு விமானங்களின் பெரிய பலம் இதுதான். இன்ஜின் முழுவதும் நின்றாலும் செஸ்னா 172 போன்ற விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிக்கொண்டே போகும். வயலோ சாலையோ கிடைத்தால் இறங்கிவிடலாம். இதைப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் இறக்கை முறிந்தால் சொல்லித் தர எதுவுமில்லை. எந்த பைலட்டாலும் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் கட்டமைப்புச் சோதனையை மற்ற பராமரிப்பு வேலைகளோடு சேர்த்து எண்ணுவதில்லை.

மூன்று விபத்துகள், ஒரு பாடம்

*1987, டெக்சாஸ்:* மார்ச் மாதம் மார்லின் என்ற ஊர் அருகே, எண்ணெய்க் குழாய்ப் பாதையைத் தாழ்வாகப் பறந்து கண்காணிக்கும் வேலையில் இருந்த பைப்பர் பிஏ-28 விமானத்தின் இறக்கை பிய்ந்தது. காரணம், ஸ்பாரில் சோர்வு விரிசல். உடனே அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, இறக்கைகளைக் கழற்றிச் சோதிக்க உத்தரவிட்டது. உரிமையாளர்கள் கொதித்தார்கள். நூற்றுக்கணக்கான இறக்கைகளைச் சோதித்ததில் மிகச் சிலவற்றில் மட்டுமே விரிசல். ‘இவ்வளவு செலவு, இவ்வளவு குறைவான பலன்’ என்ற நிலையில் 1989-ல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

*2018, புளோரிடா:* ஏப்ரல் 4. டேடோனா பீச்சில் எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகத்தின் பைப்பர் பிஏ-28ஆர் விமானம் தொட்டெழும் பயிற்சியை முடித்து மேலே ஏறியது. இடது இறக்கை அப்படியே பிரிந்து விழுந்தது. மாணவரும், அவரைத் தேர்வு செய்ய வந்திருந்த அதிகாரியும் உயிரிழந்தனர். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த விமானம் 2007-ல் தயாரானது. வயது 11 மட்டுமே. ஆனால் 7,690 மணி நேரம் பறந்திருந்தது. அதுவும் பயிற்சி விமானமாக. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு முறை இறங்கி ஏறும் வாழ்க்கை. அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு விமானத்தைச் சோதித்தபோது அதிலும் விரிசல் இருந்தது.

*2019, ஆஸ்திரேலியா:* மே 26. மவுண்ட் ஐசா அருகே நிலவியல் ஆய்வுக்காகத் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்த செஸ்னா 210 விமானத்தின் வலது இறக்கை முறிந்தது. இரண்டு பைலட்களும் உயிரிழந்தனர். 1970-களில் தயாரான விமானம், 12,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. விரிசல் எங்கே தொடங்கியது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு சின்னத் துருக் குழியில்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். விமானத்தின் வயது என்பது பிறந்த தேதி மட்டுமல்ல. எத்தனை மணி நேரம், எத்தனை முறை இறக்கம், எவ்வளவு தாழ்வாகப் பறந்தது, எந்தக் காற்றில் நின்றது – எல்லாம் சேர்ந்ததுதான் வயது. பத்து வருடம் ஷேர் ஆட்டோவாக ஓடிய வண்டியும், பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போன காரும் ஒன்றா என்ன?

பயணிகள் விமானத்தில் எப்போது இந்தப் பாடம் படித்தார்கள்?

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 நடுவானில் கூரையின் ஒரு பெரும் பகுதியை இழந்தது. ஒரு பணிப்பெண் தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தார். மற்றவர்களோடு விமானத்தை பைலட்கள் இறக்கிவிட்டார்கள். கடலோரத் தீவுகளுக்கு இடையே குறுந்தூரம் பறந்து, கிட்டத்தட்ட 90,000 முறை ஏறி இறங்கிய விமானம் அது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் 1991-ல் முதிய விமானங்களின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் கவனம் பெரிய விமானங்கள் மீதே இருந்தது. சிறு விமானங்களுக்கு இது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் போடும் உத்தரவு நம்ம ஊர் விமானத்துக்கு எப்படிச் செல்லும்?

விமானம் எந்த நாட்டில் வடிவமைக்கப்பட்டதோ அந்த நாட்டின் ஆணையம்தான் அதன் ‘தாய் வீடு’. குறை கண்டுபிடிக்கப்பட்டால் அது ‘ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்’ என்ற கட்டாய உத்தரவைப் பிறப்பிக்கும். சுருக்கமாக ‘ஏடி’ என்பார்கள். இந்தியாவில் பதிவான, அதாவது ‘விடி’ என்று தொடங்கும் பதிவெண் கொண்ட விமானங்களுக்கு நம் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் விதிகள் வழியாக இந்த உத்தரவுகள் கட்டாயமாகின்றன. ‘ஏடி’ சொன்ன கெடுவுக்குள் வேலையை முடிக்காத விமானம் பறக்கத் தகுதியற்றது. இதில் சலுகை, ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ எல்லாம் கிடையாது.

இது தவிர, ஒவ்வொரு விமானத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட பராமரிப்புத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எல்லா ஆவணங்களையும் விமானத்தையும் சரிபார்த்து ‘ஏர்வொர்த்தினஸ் ரிவ்யூ சர்டிபிகேட்’ தருவார்கள். நம்ம எஃப்சி-க்கு நெருங்கிய உறவு என்றால் இதைத்தான் சொல்லலாம். பழைய விமானங்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதற்கும் வயது வரம்பு விதிகள் உண்டு.

2018 விபத்தின் தொடர்ச்சியாக எஃப்ஏஏ பிறப்பித்த உத்தரவு 2021 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பைப்பர் விமானங்கள் அதன் வரம்புக்குள் வந்தன. செஸ்னா 210-க்கான உத்தரவு 2020-லேயே வந்துவிட்டது. செஸ்னா நிறுவனமும் தன் பழைய விமானங்களுக்குக் கூடுதல் கட்டமைப்பு ஆய்வுப் பட்டியலை 2011-12 காலகட்டத்தில் வெளியிட்டிருந்தது. அதை ஆஸ்திரேலியா தனியார் உரிமையாளர்களுக்கும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவிலோ தனியார் உரிமையாளர்களுக்குப் பெரும்பாலும் அது பரிந்துரை மட்டுமே. ஒரே விமானம், ஒரே பட்டியல். நாடு மாறினால் செலவும் மாறுகிறது.

சோதனையை எப்படிச் செய்றாங்க?

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதா? அது தீ இல்லாமல் எப்படிச் சூடாக்குகிறது? உள்ளே இருக்கும் காயிலில் மாறுமின்சாரம் ஓடும். அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அந்த ஓட்டம்தான் வெப்பம்.

விரிசல் கண்டுபிடிக்கும் ‘எடி கரண்ட்’ சோதனையும் இதே தத்துவம்தான். சமையல் மட்டும் இல்லை. பேனா அளவிலான ஒரு காயிலைப் போல்ட் ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றுவார்கள். உலோகம் முழுசாக இருந்தால் சுழல் மின்னோட்டம் ஒரே சீராக ஓடும். விரிசல் இருந்தால் ஓட்டம் அதைச் சுற்றிப் போக வேண்டும். திரையில் கோடு துள்ளும். கண்ணுக்கே தெரியாத விரிசலும் சிக்கிவிடும். ஆனால் கருவியை முதலில் தெரிந்த அளவில் கீறல் போட்ட மாதிரித் துண்டில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். திரையைப் படிக்கத் தெரிந்த, சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும்.

இந்தக் கலையில் நம் மாவட்டத்துக்கே ஒரு பெயர் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அணு உலைக் குழாய்களை உடைக்காமல் சோதிக்கும் முறைகளில், குறிப்பாக எடி கரண்டில், நீண்ட காலமாக ஆராய்ச்சி செய்துவருகிறது. அதன் இயக்குநராக இருந்த மறைந்த பல்தேவ் ராஜ் இந்தத் துறையில் உலக அளவில் அறியப்பட்டவர். சென்னை ஐஐடி-யிலும் இதற்கெனத் தனி மையம் உள்ளது. உடைக்காமல் சோதிப்போருக்கான தேசிய அமைப்பின் தலைமையகமும் சென்னையில்தான். அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் விமானத்தில் கை வைக்க, விமானத் துறைக்கான தனி அங்கீகாரம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சரி, செலவு எங்கேயெல்லாம் போகுது?

சோதனை என்று கேட்டதும் கருவிக் கட்டணம்தான் செலவு என்று தோன்றும். உண்மையில் அது ஒரு பகுதிதான்.

*ஒன்று, திறப்பது:* ஸ்பாரை அடைய சீட், தரைத் தகடு, உள் அலங்காரம், சில நேரம் எரிபொருள் டேங்க்கூடக் கழற்ற வேண்டும். ‘பார்க்கும்’ நேரத்தைவிடக் கழற்றி மாட்டும் நேரம்தான் அதிகம். அமெரிக்காவில் எஃப்ஏஏ தன் செலவு மதிப்பீட்டில் ஒரு மணி நேரக் கூலியை 85 டாலர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. இந்தியாவில் கூலி குறைவு. ஆனால் இந்த வேலை தெரிந்தவர்களும் குறைவு.

*இரண்டு, நிபுணர்:* எல்லாப் பள்ளியிலும் எடி கரண்ட் ஆள் இருக்க மாட்டார். வெளியிலிருந்து வர வேண்டும், அல்லது விமானத்தை அங்கே கொண்டுபோக வேண்டும்.

*மூன்று, கண்டுபிடித்ததைச் சரிசெய்வது:* இதுதான் பூதம். விரிசல் இல்லை என்றால் மூடிவிட்டு வரலாம். இருந்தால் ஸ்பாரையே மாற்ற வேண்டும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விமான உதிரிபாகங்களுக்கு 2024 ஜூலை முதல் ஒரே சீராக 5% ஐஜிஎஸ்டி என்று ஆக்கியது சிறு ஆறுதல். ஆனால் உற்பத்தி நின்றுபோன ரகத்துக்குப் பாகம் கிடைப்பதே பெரும்பாடு.

*நான்கு, நிற்கும் நாட்கள்:* வேன்காரர் சொன்ன அதே கதை. நிற்கும் விமானம் சம்பாதிக்காது.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். எண்கள் புரிதலுக்காக மட்டுமே. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய கட்டமைப்பு ஆய்வுக்கு 12 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பயிற்சிப் பள்ளி விமானம் ஆண்டுக்கு 600 மணி நேரம் பறக்கிறது. ஐந்து ஆண்டில் 3,000 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய்.

ஆர்வத்துக்காக வைத்திருக்கும் தனியார் விமானம் ஆண்டுக்கு 40 மணி நேரம் பறக்கிறது. ஐந்து ஆண்டில் 200 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 6,000 ரூபாய்!

இப்போது நின்ற நாட்களைச் சேருங்கள். பள்ளி விமானம் இரண்டு மாதம் நின்றால் 100 மணி நேரம் போச்சு. மணிக்கு 12,000 ரூபாய் கட்டணம் என்று வைத்தால், வராமல் போன வசூல் 12 லட்சம். எரிபொருள் போன்றவற்றைக் கழித்தால் இழப்பு குறையும்தான். ஆனாலும், ஆய்வுக்குக் கொடுத்த பணத்துக்கு இணையாகப் பேசக்கூடிய இன்னொரு தொகை அது. பள்ளிகள் சோதனைக்குப் பயப்படுவது பில்லைப் பார்த்து மட்டுமல்ல, காலண்டரைப் பார்த்தும்தான்.

தனியார் உரிமையாளருக்கு வேறு சிக்கல். பழைய இரு இருக்கை விமானத்தின் சந்தை மதிப்பே ஆய்வுச் செலவை ஒட்டி வந்துவிட்டால், சோதனை செய்வதைவிடப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது லாபம். ஆஸ்திரேலியாவில் ஆய்வு கட்டாயமானபோது சிறு விமான உரிமையாளர்கள் எழுப்பிய முக்கியமான கவலை இதுதான்.

எல்லா விமானத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக இறுகி உட்கார்ந்திருக்கும் போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது ஓட்டையின் உள்சுவரில் கீறல் விழலாம். அந்தக் கீறலே நாளைய விரிசலின் தொடக்கமாகலாம். 2018-க்குப் பிந்தைய உத்தரவு வரைவாக இருந்தபோது விமான உரிமையாளர் சங்கமும், விபத்து விசாரணை வாரியமும்கூட இந்தக் கவலையை முன்வைத்தன. நல்லா இருக்கிற உடம்பைச் சோதனைக்காகக் கீறுவதுபோல.

அதற்கு எஃப்ஏஏ கண்ட வழி சுவாரஸ்யமானது. பயிற்சி, வாடகை போன்ற கடினமான பயன்பாட்டில் பறந்த மணிகளை அப்படியே எண்ணு. சொந்த உபயோகத்துக்குப் பறந்த மணிகளை 17-ஆல் வகுத்து எண்ணு. இரண்டையும் கூட்டி 5,000 தாண்டினால் மட்டும் போல்ட்டைக் கழற்று.

6,000 மணி நேரம் முழுக்கப் பயிற்சியில் பறந்த விமானம் என்றால் கணக்கு 6,000. சோதனை கட்டாயம். அதே 6,000 மணி நேரம் முழுக்கச் சொந்த உபயோகம் என்றால் கணக்கில் சுமார் 353 மட்டுமே. இப்போதைக்குத் தொட வேண்டாம். பாதி பாதி என்றால் சுமார் 3,176. அதுவும் வரம்புக்குள்தான். ஷேர் ஆட்டோவையும் கோயில் காரையும் பிரித்துப் பார்க்கும் முறை இது.

எந்த விமானம் எப்படிப் பறந்தது என்பதற்கு ஒரே சாட்சி அதன் லாக் புக். பழைய பக்கம் தொலைந்துபோயிருந்தால்? மோசமானதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒழுங்காக எழுதிய நோட்டுப் புத்தகம் லட்சக்கணக்கில் பணம் மிச்சப்படுத்தும் இடம் இது.

தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் என்ன?

சென்னையில் பைலட் பயிற்சி புதிதல்ல. மீனம்பாக்கத்தின் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் வரலாறு 1930-களின் தொடக்கத்துக்குப் போகிறது. பயிற்சிப் பள்ளிகளுக்காக விமான நிலைய ஆணையம் 2022-ல் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் ஒன்று. புதிய கொள்கையில் பள்ளிகள் ஆணையத்துக்குச் செலுத்தும் ராயல்டி நீக்கப்பட்டது. நாடு முழுவதும் தேவை கூடியிருக்கிறது. 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,622 வணிக பைலட் உரிமங்களை வழங்கியது.

அந்த உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். மேலே போட்ட எடுத்துக்காட்டில் ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய் என்றால், 200 மணி நேரத்துக்கு 80,000 ரூபாய். பல பத்து லட்சம் ஆகும் படிப்பில் இது சிறு பங்கு. ஆனால் விமானம் திடீரென்று நின்று, பயிற்சி மூன்று மாதம் தள்ளிப்போனால்? விடுதி வாடகை, கல்விக் கடன் வட்டி, தேர்வு முடிவுகளின் செல்லுபடிக் காலம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். மாணவருக்கு உண்மையான செலவு ஆய்வு அல்ல; திட்டமிடாத ஆய்வு.

ஆகவே, சேரும் முன் பள்ளியிடம் இதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள்:

• எத்தனை விமானங்கள் இருக்கின்றன, இன்று எத்தனை பறக்கின்றன? இணையதளத்தில் பத்து, களத்தில் நான்கு என்றால் யோசிக்க வேண்டும்.

• ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் தயாரானது, மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது?

• அடுத்த பெரிய கட்டமைப்பு ஆய்வு எப்போது? அந்தச் சமயத்தில் மாற்று விமானம் உண்டா?

• பராமரிப்பு உள்ளேயே நடக்கிறதா, வெளியே போகிறதா?

• பயிற்சி தாமதமானால் கட்டணம் எப்படி?

பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையை டிஜிசிஏ 2025-ல் தொடங்கியிருக்கிறது. முதல் பட்டியலில் 35 பள்ளிகளில் ஒன்றுகூட ‘ஏ’ தரத்தைத் தொடவில்லை. 13 பள்ளிகள் ‘பி’, 22 பள்ளிகள் ‘சி’. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் இந்தப் பட்டியலைப் பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் தெளிவாக இருங்கள். பழைய விமானம் என்றாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. ஒழுங்காகத் திறந்து பார்க்கப்பட்ட 40 வயது விமானம், ஒருமுறைகூடத் திறக்கப்படாத 11 வயது விமானத்தைவிட நம்பகமானது.

பைலட் ஆகாதவர்களுக்கும் இங்கே வேலை இருக்கு

குரோம்பேட்டை எம்ஐடி 1949 முதல் விமானப் பொறியியல் சொல்லித் தருகிறது. அப்துல் கலாம் படித்த இடம். வண்டலூர், காட்டாங்கொளத்தூர், படூர் என்று ஊரப்பாக்கத்தைச் சுற்றியே இந்தப் படிப்புள்ள கல்லூரிகள் பல. படித்து முடித்தவர்களில் பலர் ஐடி-க்குப் போய்விடுகிறார்கள். இன்னொரு பக்கம், விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமமும், எடி கரண்ட் போன்ற சோதனைகளுக்கான விமானத் துறைச் சான்றிதழும் சேர்ந்து வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்பதே ஆய்வுச் செலவை ஏற்றும் காரணங்களில் ஒன்று. அந்த இடைவெளியை நிரப்பினால் செலவும் குறையும், வேலையும் கிடைக்கும்.

அப்போ, யார் கொடுக்கணும்?

நேர்மையான பதில், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம். பள்ளி ஒவ்வொரு பறக்கும் மணி நேரத்திலிருந்தும் ஒரு சிறு தொகையை ஆய்வுக்கென்று எடுத்துவைத்தால், பில் வரும்போது திணறாது. மாணவரின் பயிற்சியும் நிற்காது. பல பள்ளிகள் சேர்ந்து ஒரே கருவியையும் ஒரே நிபுணர் குழுவையும் பகிர்ந்துகொண்டால், தலைக்கு வரும் செலவு இறங்கும். அரசு ராயல்டியை நீக்கியதுபோல, ஆய்வு வசதிகளுக்கும் கை கொடுக்கலாம்.

1987-ல் ஓர் இறக்கை முறிந்தது. சோதித்தார்கள். செலவு அதிகம், விரிசல் குறைவு என்று 1989-ல் உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். 2018-ல் அதே குடும்பத்து விமானத்தில் அதே போன்ற இடத்தில் இன்னொரு இறக்கை முறிந்தது. இடையில் 29 ஆண்டுகள் மிச்சமான பணம் எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டுவிடலாம். டேடோனா பீச்சில் அன்று காலை தேர்வுக்குக் கிளம்பிய அந்த மாணவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி.